கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றிய அனுபவம்

போன சித்திரையில் நடந்தது. திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருட ஹேட்ச்பேக்கில் கூலிங் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. மெக்கானிக் கடைக்குப் போனால் காசைக் கறந்துவிடுவார்கள் என்று, ஏசியைக் குளிர வைக்கிற ஆர்134ஏ கேஸ் 450 கிராம் கேனையும், அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த ஹோஸையும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை 6 மணி. என்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, லோ சைடில், அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்து வாயில், மாட்டினேன். இதில் குழப்பமில்லை, ஹை சைடு வாய் பெரியது, இந்த ஹோஸ் அதில் உட்காரவே உட்காராது. கேனைத் திறந்ததும் விரல் விறைக்கிற அளவுக்குச் சில்லிட்டு, மேலே வெள்ளையாகப் பனி பூத்தது. கேஸ் இறங்குவது மந்தமானபோது வெதுவெதுப்பான தண்ணீரில் கேனை நிறுத்தினேன். கேஜில் சரியான அளவைக் காட்டும் பச்சைப் பட்டையின் ஓரத்தை விட்டு முள் நகரவில்லை. நடுவுக்கு வரட்டுமே என்று இன்னும் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம்.

காலையில் குளிர் பிரமாதம். மதியம் தில்லைநகர் சிக்னலில் நின்றபோது வெறும் அனல்தான் வந்தது. கம்ப்ரசர் டக், டக் என்று விட்டு விட்டு ஓடியது.

கடைசியில் கடைக்கே போனேன். மெஷினில் கேஸை இறக்கினால் 510 கிராம்! பானெட் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 350.

"காலைக் குளிர்ல முள்ளு கீழதான் சார் நிக்கும். வெயில் ஏறுனா அதுவும் ஏறும். கேஸை எடை போட்டுத்தான் ஏத்தணும்" என்றார் மெக்கானிக். அப்புறம் கண்டென்சர் பைப் ஜாயின்ட்டைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கில் மண் அப்பிக் கிடந்தது. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லையே, அங்கேதான் கசிந்திருக்கிறது. நான் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் நின்றும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஜாயின்ட்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, சரியாக 350 கிராம் ஏற்றினார். ஓ-ரிங் விலை இரண்டு டீ காசுகூட இல்லை.

*

இதைப் படித்த ஒருவர் எழுதியது: உங்களுக்கு இதோடு போயிற்று. நான் வாங்கிய கேனில் லீக் அடைக்கிற மருந்தும் கலந்திருந்தது. அதைச் சொன்னதும் இரண்டு கடையில் மெஷினை மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார்கள். உள்ளே போய் இறுகினால் அவர்கள் மெஷினும் போய்விடுமாம். கேன் வாங்குகிறவர்கள் முதலில் லேபிளைப் படியுங்கள்.

*

அவருக்கு என் பதில்: நல்லவேளை, என்னுடையது வெறும் கேஸ். மிச்சக் கேஸோடு கேன் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுத்தேன், அவருக்கும் வேண்டாமாம்.