சமூக அறிவியலில் இளங்கலை: சமூகவியலா, பொருளியலா, எந்தக் கல்லூரி?

கேள்வி

வணக்கம். நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். என் தங்கை அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவில் தமிழ்வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 521 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். சமூகவியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். உறவினர்கள் அனைவரும் பி.காம். சேர்க்கச் சொல்கிறார்கள். "பி.ஏ. படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாள்?" என்று மாமா கேட்டபோது எனக்கும் சரியான விடை சொல்லத் தெரியவில்லை.

அவளுடைய ஆர்வம் மேலோட்டமானதன்று. எங்கள் தெருவில் அவளோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் யார் யார் எந்த வகுப்போடு நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வியை இங்கே கேட்க வேண்டும் என்று தோன்றியது. சமூகவியல், பொருளியல் இரண்டில் எது அவளுக்குப் பொருந்தும்? தமிழ்வழியிலேயே தொடரலாமா? கல்லூரியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுங்கள்.

மறுமொழி 1

அன்புள்ள சகோதரிக்கு,

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகப் பொருளியல் கற்பித்து வருகிறேன். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். முதலாண்டு மாணவர்களிடம் நான் முதலில் உண்டாக்க முயல்வது அந்தப் பழக்கத்தைத்தான், பெரும்பாலும் அதற்கு ஒரு பருவம் முழுவதும் ஆகிவிடுகிறது.

பாட வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளியலில் நுண்ணியல் (தனிக் குடும்பம், நிறுவனம் எடுக்கும் முடிவுகள்), பேரியல் (நாட்டின் மொத்தப் பொருளாதாரம்), புள்ளியியல், ஓரளவு கணிதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போவார்கள். முதல் ஆண்டில் விட்டதை மூன்றாம் ஆண்டில் பிடிக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்களையும் பல கலைக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் முன்னணி நிறுவனங்களில் எம்.ஏ. பொருளியலுக்கு நுழைவுத் தேர்வு எழுதும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியும், ஆகவே அந்த வழியை விரும்புகிறவர்கள் முதல் ஆண்டிலிருந்தே கணிதத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். சமூகவியலின் மையம் குடும்பம், சாதி, தொழில், கல்வி, இடப்பெயர்வு ஆகியவை மனிதர்களை எப்படி வைத்திருக்கின்றன என்பது. உங்கள் தங்கையின் நோட்டில் இருக்கும் கேள்வியை இரண்டு துறைகளும் கேட்கும். பொருளியல் குடும்ப வருமானத்திலிருந்து தொடங்கும், சமூகவியல் அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கும்.

உங்கள் மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் அறிந்த ஊர்களுக்கே சென்று நிலம், கூலி, கடன், வீடு ஆகியவற்றைக் கணக்கெடுத்து வரச் செய்தார். அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு. அதே ஊரை 1930களிலும், 1980களின் தொடக்கத்திலும், 2008-லும் வெவ்வேறு ஆய்வாளர்கள் மீண்டும் சென்று பார்த்ததால், ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது என்பதை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு நம்மால் தொடர்ந்து படிக்க முடிகிறது. அந்தத் தொடர் மாணவர்கள் எடுத்த கணக்கிலிருந்து தொடங்கியது என்பதை ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் சொல்லாமல் இருந்ததில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறைக்கே நேரில் சென்று, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சென்ற ஆண்டு செய்த ஆய்வுத் திட்டங்களைக் காட்டும்படி கேளுங்கள். ஒரே அறிக்கையைப் பெயர் மாற்றிப் பைண்டு செய்து வைத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். மாணவர்கள் உண்மையாகவே வெளியே போயிருந்தால் அதுவும் தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் மாணவி ஒருவர் பக்கத்து ஊரில் பெண்களின் வேலை பற்றிக் கணக்கெடுக்கச் சென்றார். "வேலைக்குப் போகிறீர்களா அம்மா?" என்ற கேள்விக்குப் பன்னிரண்டு வீடுகளில் எட்டு வீட்டுப் பெண்கள் "இல்லைம்மா, வீட்டுலதான் இருக்கேன்" என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டு வந்தவரை, "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு வரும்படி மறுநாள் திருப்பி அனுப்பினேன். எட்டுப் பேரில் ஆறு பேர் விடியற்காலையில் மாடு கறந்து பால் சங்கத்தில் ஊற்றியிருந்தார்கள். இருவர் நூறு நாள் வேலைக்கும் போய்வந்திருந்தார்கள். கேள்வியை மாற்றியதும் அந்த ஊரின் கணக்கே மாறிவிட்டதைக் கண்ட அந்த மாணவி, அதன் பிறகு எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் "கேள்வி எப்படி இருந்தது ஐயா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். என் கணிப்பில் அவருடைய பட்டப்படிப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது.

மறுமொழி 2

நான் தமிழ்வழியில் சமூகவியல் படித்தவள். இப்போது மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வுக் குழுவை மேற்பார்வை செய்கிறேன். பேராசிரியர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கடினமான பகுதியையும் சொல்லாமல் விடக் கூடாது.

நான் படித்த கல்லூரியில் பலர் கைடு வாங்கி, ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா என்று மனப்பாடம் செய்தே தேறினோம். சமூகவியலின் முன்னோடிகளான வெபர், துர்கைம் என்ற பெயர்களைத் தேர்வில் எழுதினோமே தவிர அவர்கள் எழுதிய ஒரு பக்கத்தைக் கூடப் பார்த்ததில்லை. இறுதி ஆண்டில், தஞ்சை மாவட்டத்து ஊரொன்றில் தங்கி ஆய்வு செய்து சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் வெளியிட்ட நூலை ஆசிரியை ஒருவர் என் கையில் கொடுத்தார். ஆங்கிலம் எனக்கு வராது. அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் பொருள் எழுதி, முதல் இருபது பக்கங்களைக் கடக்க மூன்று வாரங்கள் ஆயின. ஆனால் அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று அவர் பிரித்துக் காட்டியது என் ஊரின் அமைப்பேதான். அதுவரை நான் தினமும் நடந்த தெருக்களைப் பாடமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. அன்று நெடுநேரம் தூங்கவில்லை.

ஆகவே என் கருத்து: தமிழ்வழியில் தயங்காமல் சேரட்டும், சிந்திப்பது தெளிவாக இருக்கும், அதே வேளையில் ஆங்கிலத்தில் நாளுக்கு இரண்டு பக்கம் வாசிக்கும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே தொடங்கட்டும். உயர்கல்விக்கு வேண்டிய நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

வேலையைப் பற்றி மாமா கேட்டது நியாயமான கேள்வி. பி.ஏ. முடித்ததும் எனக்குக் கிடைத்தது மாதம் 9,000 ரூபாய்க்கு வினாப்பட்டியல் நிரப்பும் வேலை. எம்.ஏ. முடித்து, எக்செல்லில் தரவைக் கையாளவும் அறிக்கை எழுதவும் கற்றுக்கொண்ட பிறகே நிலை மாறியது. இந்தத் துறையில் இளங்கலை என்பது பாதி வழி; வீட்டார் ஐந்து ஆண்டுகளுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது.

மறுமொழி 3

இரண்டு நடைமுறைச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, பள்ளி ஆசிரியர் ஆகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வரலாறு, புவியியல் இளங்கலையோடு பி.எட். சேரலாம், பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல் என்றால் முதுகலையும் முடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் மூன்று ஆண்டுகள் கழித்து வருந்திய தோழிகள் எனக்கு இருக்கிறார்கள்.

இரண்டாவது, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காட்டு முன்னுரிமை உண்டு. ஆனால் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆகவே பயிற்றுமொழியை இடையில் மாற்றும் முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுக்குக் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றுகளை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மறுமொழிகளை அம்மாவுக்கும் மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஐந்து ஆண்டுகள் என்றதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதுகலைக்கு வெளியூர் போகணும்னா விடுதிக் காசை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

சமூகவியலை முதல் விருப்பமாகவும் பொருளியலை இரண்டாவதாகவும் குறித்து, தமிழ்வழியில் விண்ணப்பித்துவிட்டோம். வரும் திங்கட்கிழமை இரண்டு கல்லூரிகளுக்குச் சென்று, ஐயா சொன்னபடி ஆய்வுத் திட்டங்களைக் கேட்டுப் பார்க்கிறோம். இருவேல்பட்டு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தான். அங்கேயும் ஒரு நாள் கூட்டிப் போ என்கிறாள். நேற்று மாலை அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து, "காலையில எழுந்ததுல இருந்து என்னென்னம்மா செஞ்ச?" என்று கேட்டு எழுதத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு நோட்டில் மூன்றரைப் பக்கம் வந்தது.