பேராதனை ஹோல்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

ஹந்தானைச் சாரல் எழுதியது:

அருணாசலம் ஹோல் என்ற மாணவர் விடுதியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பரீட்சைக் காலத்துப் பிற்பகல் ஒன்றில் முதியவர் ஒருவர் கதவைத் தட்டி, தாம் ஐம்பதுகளில் அதே அறையில் இருந்தவர் என்று சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டார். அறைத் தோழன் கட்டிலில் கிடந்த சாரங்களை அவசரமாக வாரி ஒதுக்கினான். அவரோ யன்னலடிக்குக்கூடப் போகாமல், அலுமாரிக் கதவைத் திறந்து அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். பின்னர் சாப்பாட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி, அதன் நடுவில் நின்று, "ஹை டேபிளை எங்கே போட்டிருக்கிறீர்கள், தம்பி?" என்று கேட்டார். வார்டனும் விரிவுரையாளர்களும் தனி மேசையில் அமர, மாணவர்கள் கோட்டும் டையுமாக வந்து உண்ட இரவுகளை அவர் விவரித்தபோது, என் கையில் சோற்றுப் பார்சல் இருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தாரா, வருந்தினாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மகாவலிக்கரை எழுதியது:

ஹை டேபிளுக்காக ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது கேம்பிரிட்ஜில் படித்த துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கொண்டுவந்த கோலம். 1952 இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தபோது, மாணவர்கள் ஹோல்களில் ஒன்றாகத் தங்கிக் கற்பதே கல்வியின் பாதி என்று அவர் கருதினார். அறுபதுகளில் சிங்களத்திலும் தமிழிலும் கற்றவர்கள் திரளாக வந்து அறைகள் நிரம்பியபின், அந்தக் கோலம் நிலைக்க வழியே இல்லை. அதில் எனக்குக் கவலையும் இல்லை. 1906 இலேயே பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் நடத்திய பொன்னம்பலம் அருணாசலம் கேட்டது கோட்டையும் டையையும் அல்லவே!

என் நினைவு அருணாசலத்தின் தமையனார் பெயரிலுள்ள இராமநாதன் ஹோலைப் பற்றியது. நான் புதுமுக மாணவியாக வந்த வாரத்தில், சிங்கள அக்கா ஒருவர் அதன் மாடியைக் காட்டி, "அங்கிருந்துதான்" என்று மட்டும் சொன்னார். 1975 இல், மூத்த மாணவர்கள் புதுமுக மாணவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதைக்குத் தப்ப அந்த மாடியிலிருந்து குதித்த விவசாய பீட மாணவி நடமாட முடியாதவராகி, 2002 இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 இல்தான் வந்தது. ஹோல்களின் பெருமையை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

குறிஞ்சி எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தங்கை, முதியவரின் ஏக்கத்துக்குத் தம்பியைக் குற்றம் சொல்லாதீர்கள். என்னிடம் இருப்பது சிறிய கதை. வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு வெள்ளிதோறும் என் சிங்கள அறைத் தோழன் கூடவே வருவான். பூசை முடியுமட்டும் கைகட்டி நின்று, பொங்கலை என்னிலும் அதிகமாக வாங்கி உண்பான்.

பழைய அறையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வார்டனுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள், ஏனெனில் உங்கள் காலத்து ஆண்கள் ஹோல் இன்று பெண்கள் ஹோலாக இருக்கலாம். பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள். புகையிரதத்தில் வந்தால், உங்கள் வண்டி வளாகத்துக்கு அருகிலுள்ள சரசவி உயன நிலையத்தில் நிற்குமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஹந்தானை மலைப் பக்கம் ஏறுவதானால் அட்டைக்கடிக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டு போங்கள். அறைக்குள் போனால் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள். அங்கே இருக்கும் பிள்ளைக்குப் படிக்க இருக்கும்.