சுனாமி குடியிருப்புக்குப் போன பிறகு நடை என்ன ஆனது? – அனுபவப் பகிர்வு

அக்கரைப்பேட்டை மருமகள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கிற வேலை எனக்கு. நான் போகிற தெருக்களில் பாதி சுனாமி குடியிருப்பு. எந்த வீட்டிலும், "எப்பம்மா சுகர் வந்துச்சு?" என்று கேட்டால் வருஷம் சொல்ல மாட்டார்கள். "இந்த வீட்டுக்கு வந்த பிறகு" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதத் தோன்றியது. உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களும் சொல்லுங்கள்.

என் மாமியாரிலிருந்தே தொடங்குகிறேன். சுனாமி வந்தபோது அவருக்கு 47 வயது. அதுவரை விடியற்காலை 4 மணிக்குக் கரையில் நிற்பார். ஏலத்தில் மீன் எடுத்து, சும்மாடு வைத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றினார் என்றால் உள்ளூர்க் கிராமங்களில் தெருத்தெருவாக விற்றுவிட்டு உச்சி வெயிலில்தான் வீடு. எவ்வளவு தூரம் என்று அவர் எண்ணியதே கிடையாது. அவர் சொன்ன ஊர்களை வைத்து நான் ஒருநாள் கணக்குப் போட்டேன், 12 கிலோமீட்டருக்குக் குறையாது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எல்லாம் மாறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் வீட்டில் கொழுந்தனார். தகரக் கொட்டகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, கரையிலிருந்து தள்ளி உள்ளே கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வீடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து இருட்டில் கிளம்பிக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் பெட்டி கட்டிய வண்டிக்காரர்கள் மீனை எடுத்துப் போயிருப்பார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் அதிலேயே போய்விடும். மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார். மூன்றாவது வருஷம் ஒரு முகாமில் பார்த்தபோது சுகர் 280.

பிள்ளையைப் பறிகொடுத்த கவலையில் வந்த நோய் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர் நடந்த கால் வாசலோடு நின்றுவிட்டதை யாருமே பேசவில்லை.

டாக்டர், "நடங்கம்மா" என்றார். வெளியே வந்ததும் மாமியார் என்னிடம் கேட்டார்: "எங்க போறதுக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. "சும்மா போயி சும்மா வந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? புத்தி பேதலிச்சுப் போச்சுன்னுதானே?"

இப்போது மாத்திரையையும் வாசலுக்கே நான் கொண்டுவந்து கொடுக்கிறேன். சுகாதார நிலையம் வரை போகிற நடையும் மிச்சம்! என் வேலையைப் பற்றி நானே இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

திராய்மடு

அக்கா, உங்கள் மாமியார் கேட்ட கேள்வியை என் அப்பா வேறு மாதிரிக் கேட்டார்.

நாங்கள் மட்டக்களப்பு நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். அப்பா கரைவலை இழுக்கிறவர். கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குதியை மணலில் ஊன்றிப் பின்னுக்குப் பின்னுக்கு நடக்க வேண்டும். அப்படி நாளுக்கு இரண்டு வளைப்பு. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. எங்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள்.

முதல் வருஷம் சைக்கிளில் கரைக்குப் போய் வந்தார். 2006-இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் கடலுக்குப் போக ஆயிரம் கட்டுப்பாடு. அதோடு சைக்கிளும் சுவரில் சாய்ந்துவிட்டது. நிவாரணத்தில் கிடைத்த நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருந்தது. காலையில் அதில் இருந்தால் பின்னேரம் வரை அதுதான். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொல்லி, உடற்பயிற்சி செய்யச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார்கள். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டு இழுத்தா வலையில என்ன வரும்?" என்றார். சிரித்துவிட்டோம். பிறகு ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தபோது அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அழுதேன்.

செண்டாய் தமிழன்

நான் 2012-லிருந்து ஜப்பானில் மியாகி மாநிலத்தில் இருக்கிறேன். 2011 மார்ச் 11 சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய தற்காலிகக் குடியிருப்பு ஒன்றுக்கு, அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமைகளில் போவேன். பெட்டி பெட்டியாக வரிசை வீடுகள். எதிரில் வயல் கிடையாது, தோட்டம் கிடையாது. ஆயுசு முழுக்க மண்ணைக் கொத்திய கிழவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கே இதற்கென்றே ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் சொன்னால் 'வாழ்க்கை மந்தமாகிப்போன நோய்' என்று வரும். செய்ய வேலை இல்லாததால் அசைவு குறைந்து, அசைவு குறைந்ததால் தசை கரைந்து, கடைசியில் எழுந்து நடக்கவே முடியாமல் போவது. 2004 அக்டோபரில், நம் சுனாமிக்கு இரண்டு மாதம் முன்னால், நீகாட்டா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தபோதுதான் இதை அதிகம் பேசினார்கள். அப்போது வீட்டுக்குள் போகப் பயந்து காருக்குள்ளேயே தூங்கியவர்களில் சிலருக்குக் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் உயிரே போயிற்று. அதனால் இப்போதெல்லாம் முகாம்களில் கணுக்காலை ஆட்டச் சொல்வதும் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் வழக்கம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை 6:30-க்கு வானொலியில் ஒரு உடற்பயிற்சி இசை வரும். 1928-லிருந்து இருக்கிற வழக்கம், சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். குடியிருப்பின் நடுவே ரேடியோவை வைத்துவிடுவார்கள், கையைக் காலை ஆட்டினால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு தாத்தா தினமும் வருவார், ஆனால் கையை அரைகுறையாகத்தான் தூக்குவார். கேட்டதற்கு, "நான் இதற்கா வருகிறேன்? யார் வரவில்லை என்று பார்க்க வருகிறேன்" என்றார். ஒருநாள் வராத பாட்டி ஒருவரைக் கதவைத் தட்டிப் பார்த்தபோது காய்ச்சலில் கிடந்தார்.

அப்புறம், இவானுமா என்ற ஊரில் முதியவர்களை சுனாமிக்கு முன்பிருந்தே ஆராய்ச்சியாளர்கள் கவனித்து வந்தார்கள். பழைய அக்கம்பக்கத்தோடு கூட்டமாக இடம் மாறியவர்கள், குலுக்கலில் தனித்தனியாக வீடு கிடைத்தவர்களைவிட வெளியே வந்து நாலு பேரோடு கலந்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்தால் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறியதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். வீடு ஒதுக்கும்போது சுவரை மட்டும் யோசித்தால் போதாது, யார் பக்கத்தில் யார் என்பதும் முக்கியம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

தேவனாம்பட்டினம் பொண்ணு

எல்லாரும் சொல்வது சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். தலைச்சுமையை உடற்பயிற்சி என்று புகழ்வது என்ன நியாயம்? எங்கம்மா 25 கிலோ கூடையைச் சுமந்து சுமந்து 40 வயதிலேயே கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆனார். முட்டி போய்விட்டது. சுனாமிக்கு முன்னால் எல்லோரும் கல்லு மாதிரி இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நோய் இருந்தது, பார்க்க ஆள்தான் இல்லை. முகாமும் மெஷினும் வந்த பிறகு கண்டுபிடித்ததும் பாதி இருக்கும்.

இன்னொன்று. 2023-ல் மாவட்டத்துக்கு ஒன்று என்று 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். நல்லதுதான். காலையில் ஷூ போட்டவர்கள் நடக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பார்கள்.

கடற்கரை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, அங்கே நடக்கலாமே என்று ஒரு அம்மா கேட்டார். வெளியூர்க்காரர். எங்கள் சித்தி சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்த்து நடப்பதே வருஷத்துக்கு ஒரு தடவைதான், டிசம்பர் 26 ஊர்வலத்தில், பால் ஊற்ற. அன்றைக்கு மட்டும் யார் கையையும் பிடிக்காமல் நடப்பார்.

பிசியோ அண்ணன்

தங்கச்சி கேட்டது நியாயம். சுமை வேறு, அசைவு வேறு. கழுத்தில் 25 கிலோ ஏற்றினால் எலும்பு தேயும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுமையோடு கூடவே வந்த நடை, தொடைத் தசையை வேலை வாங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்துக்கு வந்தால் அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். நடை நின்று, சோறு அப்படியே இருந்து, தூக்கமும் கெட்டால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? துக்கமும் தன் பங்குக்கு ஏற்றிவிடும். கவலையா, நடையா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமாக அசையச் சொல்கிறது. 'பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம்' என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். ஒரேயடியாக நடக்க வேண்டும் என்றும் இல்லை, பத்துப் பத்து நிமிஷமாக நடந்தாலும் கணக்குதான். காலில் மரமரப்பு இருந்தால் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள்.

அக்கரைப்பேட்டை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. "யார் வரவில்லை என்று பார்க்க வருகிறேன்" என்ற அந்தத் தாத்தா என் மனதிலேயே நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் வேலை செய்தது அதைவிடக் கொஞ்சம் கோணலான வழி.

மாமியாருக்கு நான் வாங்கும் மீன் எப்போதுமே பிடிக்காது. "செவுளத் தூக்கிப் பாத்தியா? கண்ணு குழி விழுந்திருக்கே" என்று ஆரம்பிப்பார். போன வருஷம் ஒரு வாரம் வேண்டுமென்றே வாசலில் வரும் வண்டிக்காரரிடம் சுமாரான மீனாக வாங்கினேன். ஐந்தாவது நாள் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கரைக்குப் போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு. ஆட்டோவில் ஏறுவார் என்று நினைத்தேன், ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசுக்கு இன்னும் நாலு மத்தி வரும் என்று நடந்தே போனார்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் போகிறார். பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் கூடச் சேர்ந்திருக்கிறார்கள், மூன்று வீட்டுக்கும் மீன் இவர்தான் பார்த்து எடுக்கிறார். சுகர் ஒன்றும் அதிசயமாக இறங்கிவிடவில்லை. மாத்திரை நடக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது.

மீன் கணக்கில் மட்டும் தினமும் 10, 15 ரூபாய் உதைக்கிறது. கரையில் டீக்கடை ஒன்று இருக்கிறது. சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். இன்னும் கேட்கவில்லை.