மெலீ: ஷீல்டில் அடித்தால் மட்டும் எல்-கேன்சல் தவறுகிறது

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ வீடியோ கேம் ஆடுபவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் எல், ஆர், இசட் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் லேண்டிங் லேக், அதாவது காற்றில் அடித்துவிட்டுத் தரையிறங்கியதும் அசைய முடியாத நேரம், பாதியாகும்; இதுதான் எல்-கேன்சல். மார்த் என்ற பாத்திரத்தின் முன்பக்க ஏரியலுக்கு (காற்றில் முன்னோக்கி வீசும் அடி) 15 ஃபிரேம் 7 ஆகிறது. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் இது பெரிய வித்தியாசம். காற்றில் வெறுமனே வீசும்போது எனக்கு இது அநேகமாகத் தவறுவதே இல்லை.

சிக்கல் என் அடி எதிராளியின் ஷீல்டில் (தற்காப்புக் குமிழி) படும்போதுதான். ஹிட்லேக்கில், அதாவது அடி பட்ட கணத்தில், இருவரும் சில ஃபிரேம் உறைந்து நிற்பதால் தரையிறங்குவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது. என் விரல் பழைய நேரத்திலேயே அழுத்திவிடுகிறது. எதிராளி ஷீல்டைத் தூக்குவாரா, விலகுவாரா என்பது முன்கூட்டியே தெரியாதே! வேகமாகக் கீழிறங்கும் ஃபாஸ்ட்ஃபாலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எல், உடனே ஆர் என்று இரண்டு முறை தட்டினால் இரண்டு நேரத்துக்கும் பொருந்தும் என்கிறார்கள். ஆனால் முழுதாக அழுத்தி, உடனே அடி வாங்கினால் டெக் (விழும் கணத்தில் பொத்தானை அழுத்திச் சட்டென எழுவது) போய்விடுமே? அதனால் லேசான அழுத்தமோ இசட்டோ மேல் என்று தோன்றுகிறது.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? அடி பட்ட சத்தத்தைக் கேட்டு அழுத்துகிறீர்களா, கண்ணால் பார்த்தா? பயிற்சியில் ஷீல்டை அவ்வப்போது மட்டும் தூக்கும் எதிராளியை அமைக்க நல்ல வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், “அல்டிமேட்டுக்கு (இதே தொடரின் பிந்தைய ஆட்டம்) மாறு, அங்கே இந்தத் தொல்லையே இல்லை” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.