சட்டம் இருக்கும்போது ஏரிக்கு நம்ம சப்போர்ட் எதுக்கு?

கேள்வி: காட்பாடி பக்கம் எங்க ஊரு ஏரி வரத்துக் கால்வாய்லயே குப்பை கொட்றாங்க, கேட்டா கவர்மென்ட் பாத்துக்கும்னு சொல்றாங்க. ஏரி, சதுப்பு மாதிரி ஈரநிலத்த காப்பாத்த சட்டம் இருக்குல்ல, அப்புறம் மக்கள் ஆதரவு எதுக்குங்க?

பதில் 1: 2017 ஈரநில விதிகள்ல பாசனத்துக்குன்னு வெட்டின ஏரி சேராதுங்க, நம்ம வேலூர் சைடு முக்கால்வாசி அதானே. 2007 ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித்துறை ஏரிக்குத்தான், அப்போ ஊராட்சி ஏரிய யாரு பாப்பாங்க, ஊர்க்காரங்க குரல் குடுத்தாத்தான் உண்டு.

பதில் 2: கணியம்பாடி பக்கம் நாகநதிய பாருங்க, நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைங்கதான் மழைத்தண்ணி பூமிக்குள்ள இறங்க கிணறு வெட்டி, தடுப்பணை கட்டி வேலை செஞ்சாங்க. ஊரே எறங்கலன்னா அது நடந்திருக்குமா?

பதில் 3: அடுத்த கிராம சபையில தீர்மானம் போடுங்க அண்ணா, கால்வாய அளந்து கல்லு நட சொல்லி கேளுங்க. ஏரி ரொம்பலன்னா கிணத்துலயும் தண்ணி இருக்காது.