அரசு ஓர் உணவைத் தடை செய்யலாமா? எதை, எதுவரைக்கும்?

மதியவெயில் கேட்டது:

இரண்டு வாரமாக எனக்கும் என் தம்பிக்கும் இதே சண்டைதான். சிவப்பு எண் 3 என்ற சாயத்தை இனிமேல் உணவில் சேர்க்கக்கூடாது என்று 2025 ஜனவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லிவிட்டது, கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். நல்ல காரியம் என்றேன். அவன் உடனே, என் தட்டில் என்ன இருக்கலாம் என்று அரசு எப்படிச் சொல்லும், நான் என்ன சின்னக் குழந்தையா என்று ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்குப் பதில் சொல்லலாம் என்று தேடிப் படிக்கப் போனால் எனக்கே குழப்பம். இதே சாயத்தை முகப்பூச்சு, அழகு சாதனம் எதிலும் போடக்கூடாது என்று அதே எஃப்டிஏ 1990லேயே நிறுத்தியிருக்கிறது. பூசிக்கொள்ளக்கூடாது, தின்னலாம் என்று ஏறக்குறைய 35 வருடம் ஓடியிருக்கிறது! நாட்டுக்கு நாடும் ஒத்துப்போகவில்லை. மிட்டாயை, சூயிங்கத்தை வெள்ளையாக்கப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022லிருந்து கூடாது, அமெரிக்காவில் இன்னும் போடலாம். மனித உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

எந்த இடத்தில் தடை நியாயம்? பாக்கெட்டில் எழுதிவிட்டு வாங்குபவர் இஷ்டத்துக்கு விட்டால் போதாதா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

மாவுக்கை:

பேக்கரி வேலையில் 22 வருடம். உங்கள் தம்பி சொல்வது, தட்டைப் பார்த்து இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்ல முடிகிறவருக்குச் சரி. ரொட்டியை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான் என்ன போட்டேன் என்று தெரியுமா?

நான் வேலை பழகிய இடத்தில் மாவோடு ஒரு வெள்ளைத் தூள் சேர்ப்போம். இம்ப்ரூவர் என்பார் முதலாளி, அதற்குமேல் கேட்கக்கூடாது. அதில் இருந்தது பொட்டாசியம் புரோமேட் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. மாவில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை அது இறுக்கமாகப் பின்ன வைக்கும், மாவு காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ரொட்டி உயரமாக, பஞ்சு மாதிரி, வெள்ளையாக வரும். சுமாரான மாவைக்கூட உசத்தி மாவு மாதிரி காட்டிவிடும். போதுமான சூட்டில் போதுமான நேரம் வெந்தால் புரோமேட் புரோமைடாக மாறிவிடும், அதனால் பயமில்லை என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். ஏட்டில் சரிதான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கரண்டியை அள்ளிப் போடும் பையன், ஒரு மூலையில் சூடு ஏறாத அடுப்பு, ஆர்டர் அவசரத்தில் அஞ்சு நிமிஷம் முன்னாலேயே வெளியே இழுத்த தட்டு, இதெல்லாம் சேர்ந்தால் ரொட்டியில் புரோமேட் மிச்சம் நிற்கும். அந்தப் பையனாக நான் இருந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

எலிகளுக்கு அது சிறுநீரகக் கட்டியை உண்டாக்குகிறது என்று 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். பிரிட்டன் 1990ல் நிறுத்தியது, கனடா 1994ல். மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலிலும் சேர்ந்தது. அமெரிக்காவில் நாடு முழுக்கத் தடை இல்லை, கலிபோர்னியா மாநிலம் 2023ல் சட்டம் போட்டு 2027லிருந்து நிறுத்துகிறது.

அது இல்லாமல் ரொட்டி வராதா? வரும். வைட்டமின் சி இருக்கிறது, என்சைம் இருக்கிறது, ஒன்றுமே வேண்டாம் என்றால் மாவைக் கூடுதல் நேரம் புளிக்க விடலாம். பிறகு ஏன் நாங்களே விடவில்லை? பக்கத்துக் கடைக்காரர் உயரமான ரொட்டியை அடுக்கி வைத்திருக்கும்போது நான் மட்டும் குட்டை ரொட்டி விற்றால் யார் வாங்குவார்கள்? எல்லோருக்கும் ஒரே நாளில் தடை வந்தால்தான் ஒழுங்காக இருக்க நினைப்பவர் பிழைக்க முடியும். தொழிலுக்குள் இருந்து பார்த்தால்தான் இது தெரியும்.

---

ஆய்வகவாசி:

உணவுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். புரோமேட் விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மறுப்பே இல்லை. ஆனால் எல்லாத் தடையும் அவ்வளவு தெளிவான காரணத்தோடு வருவதில்லை.

மதியவெயில், நீங்கள் சொன்ன சிவப்பு எண் 3ஐயே எடுங்கள். புதிதாக எதையும் கண்டுபிடித்து நிறுத்தவில்லை. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்தால் அந்தப் பொருளை உணவில் சேர்க்க அனுமதி கிடையாது என்று அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, டெலானி விதி என்பார்கள். 1958ல் வந்தது, 1960ல் சாயங்களுக்கும் நீட்டினார்கள். எவ்வளவு அளவு என்ற கேள்வியே அதில் கிடையாது. இந்தச் சாயத்தை ஆண் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது தைராய்டு கட்டி வந்தது. அது எலியின் ஹார்மோன் வழியாக வருவது, மனிதரிடம் அப்படி நடப்பதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் எஃப்டிஏ தடுத்தது, ஏனென்றால் சட்டம் வேறு வழி விடவில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பான சாக்கரின் கதை இதைவிட விசித்திரம். எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி என்று 1977ல் அதைத் தடுக்கப் பார்த்தார்கள், மக்கள் எதிர்ப்பில் அமெரிக்க நாடாளுமன்றம் அதை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் மட்டும் போடச் சொன்னது. பின்னால் அந்தக் கட்டி எலியின் சிறுநீர்த் தன்மையால் வருவது, நமக்குப் பொருந்தாது என்று தெரிந்து 2000ல் வாசகமும் போனது. கனடாவோ அதே 1977ல் உணவில் சாக்கரின் சேர்ப்பதைத் தடுத்துவிட்டு, அமெரிக்கா 1969ல் தடுத்திருந்த சைக்லமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்பை, சாப்பிடுபவரே காபி, டீயில் போட்டுக்கொள்ளும் மேசை இனிப்பாக விற்க விட்டது. எல்லையின் இந்தப் பக்கம் ஒன்று விஷம், அந்தப் பக்கம் இன்னொன்று. ஜனங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

டைட்டானியம் டை ஆக்சைடில் நான் ஐரோப்பா பக்கம். 2021ல் அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, இது ஆபத்து என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்லவில்லை. மரபணுவைக் கெடுக்கும் வாய்ப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இவ்வளவு சாப்பிடலாம் என்று ஓர் அளவைக் குறிக்கவும் முடியவில்லை என்றது. சரி, அந்தப் பொருளால் நமக்கு என்ன கிடைக்கிறது? வெள்ளை நிறம், வேறொன்றுமில்லை. அதற்காக இந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியதில்லை. இதே அளவுகோலை நைட்ரைட்டுக்கு வைத்துப் பாருங்கள். பதப்படுத்திய இறைச்சியில் போடுவது, அதற்கும் கெட்ட பெயர் உண்டு, ஆனால் பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயை உண்டாக்கும் கிருமியை வளரவிடாமல் தடுப்பதும் அதுதான். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடுக்காமல், 2023ல் போட்ட விதியில் அளவை மட்டும் குறைத்தது. எலிக்கு என்ன ஆனது என்று மட்டும் கேட்டால் போதாது, இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எது வந்து உட்காரும் என்றும் கேட்க வேண்டும்.

---

கறார்பேச்சு:

நான் உங்கள் தம்பி கட்சி. தடை போடுகிறவர் எல்லோரும் நம் உடம்பை நினைத்துத்தான் போடுகிறார் என்று நம்புவதில்தான் தப்பு தொடங்குகிறது.

கனடாவில் 1886லிருந்து 1948 வரை, வெண்ணெய்க்கு மாற்றான மார்கரின் தயாரிக்கவும் விற்கவும் தடை, முதல் உலகப்போர் பற்றாக்குறையில் சில வருடம் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். காரணம் வெண்ணெய்க்காரர்கள். தடை எடுத்த பிறகும் வெண்ணெய் மாதிரி மஞ்சள் நிறம் இருக்கக்கூடாது என்று கியூபெக் மாகாணம் 2008 வரை பிடிவாதமாக இருந்தது. வாங்குபவர் ஏமாறாமல் இருக்கத்தான் என்று அப்போதும் சொன்னார்கள். இன்றைக்குப் பாலுக்கு மாற்றாக வரும் தாவரப் பொருளுக்கு 'பால்' என்று பெயர் வைக்கலாமா, ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சியை விற்கலாமா என்று நடக்கும் சண்டையிலும் அதே வாடைதான் எனக்கு அடிக்கிறது. அந்த இறைச்சியை இத்தாலி 2023ல் தடுத்துவிட்டது, அப்போது அது அங்கே விற்பனைக்குக்கூட வரவில்லை.

அப்சிந்த் மதுவுக்கு சுவிட்சர்லாந்தில் 1910ல், பிரான்சில் 1915ல் தடை. அதிலுள்ள துஜோன் என்ற பொருள் புத்தியைப் பேதலிக்க வைக்கிறது என்றார்கள். சுமார் நூறு வருடம் கழித்து அந்தக் காலத்து பாட்டில்களைத் திறந்து சோதித்தால் துஜோன் சொன்ன அளவுக்கு இல்லவே இல்லை, ஆளைக் கெடுத்தது அதன் கடுமையான சாராய அளவு. சிகாகோ நகரம் 2006ல் ஃபுவா கிரா என்ற வாத்து ஈரல் உணவைத் தடுத்தது, சில உணவகங்கள் வேறு எதற்கோ காசு வாங்கிக்கொண்டு அதை இலவசமாகப் பரிமாறின, 2008ல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், பொய் எழுதினால் கம்பெனியை மூடுங்கள், மீதியை எங்களிடம் விடுங்கள்.

---

வானவில்வீடு:

ஃபுவா கிராவை இதோடு சேர்க்காதீர்கள். வாத்தின் தொண்டைக்குள் குழாயை விட்டுத் தீனியைத் திணித்து ஈரலை வீங்க வைப்பது அது. தின்பவர் உடம்பைப் பற்றிய கேள்வியே இல்லை அங்கே, அந்த வாத்து எந்த லேபிளைப் படித்து எதைத் தேர்ந்தெடுக்கும்? தடை சரியாக அமலாகவில்லை என்பது வேறு, தடுக்க வந்த காரணம் தப்பு என்பது வேறு.

---

இருபிள்ளைஅம்மா:

லேபிள் போதும் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் என் கூடக் கடைக்கு வந்து பாருங்கள். என் சின்னவனுக்கு எள் ஒத்துக்கொள்ளாது, தெரியாமல் ஒரு கடி கடித்தாலும் மூச்சு வாங்கும். பத்து வருடமாகப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதே எனக்கு ஒரு வேலையாக இருக்கிறது.

அமெரிக்காவில் 2023லிருந்து எள்ளையும் ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்து, இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும் என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! நடந்தது என்ன? எள் துளிகூடக் கலக்காமல் இயந்திரத்தைச் சுத்தம் செய்வது சிரமம், செலவு என்று சில ரொட்டிக் கம்பெனிகள், அதுவரை எள் இல்லாத ரொட்டியிலும் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்துவிட்டு 'எள் உண்டு' என்று எழுதிவிட்டன. சட்டத்தை மீறவில்லை. நம்பி வாங்கிக்கொண்டிருந்த ரொட்டி அந்தக் குழந்தைகளுக்கு இல்லாமல் போனது. அதற்காக எள்ளைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கமாட்டேன், கோடிக்கணக்கானவர்கள் நிம்மதியாகச் சாப்பிடும் பொருள் அது. ஆனால் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

---

மாவுக்கை:

கறார்பேச்சு தம்பிக்கு ஒன்று மட்டும். மார்கரின் கதை உண்மை, அதை யாரும் மறக்கக்கூடாது. ஆனால் அதே மார்கரினுக்குள் இருந்த டிரான்ஸ் கொழுப்பு என்ன ஆனது என்றும் பாருங்கள். எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றுவார்கள், முழுசாக ஏற்றாமல் பாதியில் நிறுத்தினால் இந்தக் கொழுப்பு உருவாகும். பிஸ்கட், பஃப், கேக் எல்லாம் நாள்பட நிற்கும், விலையும் குறைவு, எங்களுக்கு ரொம்ப சௌகரியம். ரத்தக் குழாயில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்கும். வருடத்துக்கு 5 லட்சம் பேர் வரை இதனால் இதய நோயில் சாகிறார்கள் என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

அமெரிக்கா முதலில் நீங்கள் கேட்ட வழியில்தான் போனது. 2006லிருந்து பாக்கெட்டில் எழுதச் சொன்னார்கள். ஒரு பரிமாறும் அளவில் 0.5 கிராமுக்குக் கீழே இருந்தால் 0 என்று போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. அந்தப் பரிமாறும் அளவோ ரெண்டு மூணு பிஸ்கட்தான், அதோடு யார் நிறுத்துகிறார்கள்? பூஜ்யம் பூஜ்யமாகச் சாப்பிட்டே கிராம் கணக்கில் உள்ளே போகும். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கடைசியில் 2015ல் அந்த எண்ணெயே பாதுகாப்பானது இல்லை என்று அறிவித்து 2018லிருந்து நிறுத்தினார்கள். டென்மார்க் அதற்கு முன்பே, 2003லேயே, கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டது. அங்கே யாரும் பஃப் சாப்பிடுவதை நிறுத்தவில்லை, தங்கள் தட்டிலிருந்து ஒன்று போனதாக நினைக்கவும் இல்லை.

---

கறார்பேச்சு:

பூஜ்யம் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. டிரான்ஸ் கொழுப்பில் ஒத்துக்கொள்கிறேன், அதை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் யாரும் இல்லை. ஆனால் ஒருவர் தெரிந்தே, ஆசைப்பட்டே சாப்பிடும் பொருளில் என் கருத்து மாறாது. அங்கேயும் தடைதான் ஒரே வழி என்று இல்லையே. ஜமைக்காவின் ஆக்கி பழம் பழுக்காமல் இருந்தால் ஆளையே கொல்லும். அமெரிக்கா 1973ல் இறக்குமதியை நிறுத்தியது, 2000லிருந்து நஞ்சின் அளவைக் கட்டுக்குள் வைத்துப் பதப்படுத்தும் நிறுவனங்களிடமிருந்து மட்டும் வாங்க விட்டது. அந்த மாதிரி உழைக்கச் சொல்லுங்கள், ஒரே வரியில் 'கூடாது' என்று எழுதுவது சுலபம்.

---

ஆய்வகவாசி:

ஆக்கி நல்ல உதாரணம். ஜப்பானில் நஞ்சுள்ள ஃபுகு மீனுக்கு உரிமம் பெற்றவர்தான் கத்தி வைக்க வேண்டும், ஆனால் ஈரலைப் பரிமாறவே கூடாது, அது முழுத் தடை. 1975ல் பேர்போன கபுகி நாடக நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ இறந்தது அந்த ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுத்தான். தெரிந்தே ஆசைப்பட்டவர், பரிமாறியவரும் தொழில் தெரிந்தவர். ஒரே மீனில் சதைக்கு உரிமம், ஈரலுக்குத் தடை, இரண்டும் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

---

மதியவெயில்:

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பூஜ்யம் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி எழுந்துபோய் அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தன் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை, ஆக்கி பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மாவுக்கை அண்ணனிடம் ஒன்று கேட்கச் சொன்னான்: அந்தத் தூளை நிறுத்திய பிறகு உங்கள் ரொட்டி விற்றதா? ஜனங்கள் கண்டுபிடித்தார்களா?

---

மாவுக்கை:

சொந்தக் கடை போட்டபோதுதான் நிறுத்தினேன். முதல் வாரம் ரெண்டு பேர் ரொட்டி ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டார்கள், எடை போட்டுக் காட்டினேன், அதே எடைதான். ஒருவர் திரும்ப வரவில்லை. அப்புறம் யாரும் கேட்கவில்லை. மாவு கூடுதல் நேரம் புளிக்க வேண்டியிருப்பதால் நாலு மணிக்குப் பதிலாக ரெண்டு மணிக்குக் கடை திறக்கிறேன், அது மட்டும்தான் மாற்றம்.