1.2 பெட்ரோல் காருக்கு அலுமினியம் இன்டேக் பைப்: எந்த விட்டம், ஃபில்டர் எங்கே?

மடிவாளா_1.2
வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், டர்போ இல்லை. எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு 76 மி.மீ. அலுமினியம் பைப்பும் கூம்பு வடிவக் கோன் ஃபில்டரும் போட எண்ணம். ஏர்பாக்ஸ் வாயிலேயே ஐந்து ஒயர் வரும் சென்சார் ஒன்று இருக்கிறது. பெங்களூரில்தான் ஓட்டுகிறேன்: வார நாட்களில் சில்க் போர்டு நெரிசல், விடுமுறையில் ஓசூர் ரோடு. 76 சரிவருமா? ஃபில்டரை பம்பருக்குள் இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்குமே, இறக்கலாமா?

லெவல்டியூப்
76 வேண்டாம் நண்பா. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்கள் நிரம்புவதால், 6000 ஆர்.பி.எம்.மில் 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 லிட்டர் காற்று இழுக்கும். 85 சதவீதம்தான் நிரம்புகிறது என்று வைத்தால் சுமார் 3060 லிட்டர், அதாவது நொடிக்கு 51. உள்விட்டம் 60 மி.மீ. இருந்தால் பைப்பில் காற்றின் வேகம் நொடிக்கு 18 மீட்டர்தான். அது ஒரு தடையே இல்லை. 63 மி.மீ. பைப் தாராளம்.

ஐந்து ஒயர் என்றால் அநேகமாக உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ளேயே வெப்ப சென்சாரும் சேர்ந்தது. அது மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. தன் மேல் படும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. 60 மி.மீ. கூட்டில் இருந்ததை உங்கள் 76 பைப்பின் 73 மி.மீ. உள்விட்டத்துக்கு மாற்றினால் பரப்பு ஒன்றரை மடங்காகும், வேகம் மூன்றில் ஒரு பங்கு விழும். காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து ஈ.சி.யூ. (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைக்கும். அது தானே பெட்ரோல் அளவைத் திருத்தும் ஃப்யூயல் ட்ரிம் பொதுவாக 25 சதவீதம் வரைதான் ஈடுகட்டும். அதற்கு மேல் பி0171 என்ற பிழைக் கோடு, லீன் மிக்ஸ்சர் (பெட்ரோல் குறைந்த கலவை), ஏற்றத்தில் நாக்கிங் (எஞ்சின் தட்டும் சத்தம்). ஆகவே பழைய சென்சார் கூட்டை அதன் வலையோடு அப்படியே எடுத்து, இரண்டு பக்கமும் சிலிக்கான் கப்ளர் போட்டு இணையுங்கள். அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கட்டும். சென்சாருக்கு முன்னால் குறைந்தது 10 செ.மீ. நேரான பைப் வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் ரீடிங் ஆடும்.

வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள், இதைத்தான் அழுத்திச் சொல்வேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் 3 மீட்டர் வாங்கி, U வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். ரப்பர் ஹோஸைக் கழற்றி வெளியே வைத்து ஓட்டை போட்டு, த்ராட்டிலுக்கு (எஞ்சின் காற்றைத் திறந்து மூடும் வால்வு) சற்று முன்னால் வருகிறமாதிரி 6 மி.மீ. நிப்பிள் வையுங்கள். டியூபின் ஒரு முனை அதில், மறுமுனை திறந்தபடி கேபினில். காலி ரோட்டில் இரண்டாவது கியரில் முழு த்ராட்டில் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் நீர்மட்ட வித்தியாசத்தைப் பார்க்கட்டும். 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1 சதவீதக் காற்று இழப்பு. 15-க்குக் கீழே இருந்தால் புது பேப்பர் ஃபில்டர் போட்டுவிட்டு ஏர்பாக்ஸை விட்டுவிடுங்கள். 30-ஐத் தாண்டினால் நிப்பிளை ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மாற்றி வைத்து எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பல கார்களில் ஏர்பாக்ஸுக்கு வெளிக்காற்றை இழுக்கும் மூக்குக் குழாய்தான் ஒடுக்கமாக இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

பீன்யா_டிக்
மேலே சொன்னது முழுக்கச் சரி. அளந்த பிறகும் செய்வதாக இருந்தால்:

முதலில் 63 மி.மீ. பி.வி.சி. பைப்பில் மாதிரி கட்டிப் பாருங்கள். அது மாதிரிக்கு மட்டும்தான், எஞ்சின் சூட்டில் இளகும். பிறகு 1.5 மி.மீ. கனத்தில் மேண்ட்ரல் பெண்ட் (உள்ளே அச்சு வைத்து வளைத்த) அலுமினியம். மணல் அடைத்து வளைத்த பைப் உள்வளைவில் மடிப்பு விழும், வாங்காதீர்கள். டிக் வெல்டிங்தான். இரண்டு முனையிலும் பீட் (சுற்றிலும் சிறு மேடு) உருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கப்ளர் நழுவும்.

எஞ்சின் மவுண்டில் ஆடும், பாடி ஆடாது. பைப்பை இரண்டிலும் இறுக்கிப் பிடித்தால் வெல்டிங் விரியும். பாடி பக்கம் எம்6 ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட், த்ராட்டில் பக்கம் ஹம்ப் ஹோஸ் (நடுவில் புடைத்து வளைந்து கொடுக்கும் ரப்பர் ஹோஸ்), சுற்றிலும் 15–20 மி.மீ. இடைவெளி.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் ப்ரீதர் ஹோஸை வெளியே திறந்து விடாதீர்கள். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில், பழைய ஹோஸ் விட்டத்துக்கே ஒரு குழாய் வெல்டு செய்து அதில் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் அளக்காத காற்று உள்ளே போகும், ஐடில் ஆடும்.

வெல்டிங் முடிந்ததும் உள்ளே அரம் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். துணியில் ஒரு மினுமினுப்பு தெரிந்தாலும் மறுபடி கழுவ வேண்டும். அந்தத் துகள் நேராக சிலிண்டர் சுவரைக் கீறும்.

மடிவாளா_1.2
நன்றி சார். பம்பர் விஷயம்? ஆயில் போடும் காட்டன் ஃபில்டர் பரவாயில்லையா?

ஓ.ஆர்.ஆர். மழை
பம்பருக்குள் கூடவே கூடாது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே. அவ்வளவு வெள்ளம்கூட வேண்டாம், அண்டர்பாஸில் முழங்கால் தண்ணீர் போதும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

ஃபில்டரை ஹெட்லைட் பின்னால், பழைய மூக்குக் குழாயின் உயரத்திலேயே வையுங்கள். 1.5 மி.மீ. அலுமினியம் தகட்டில் மூன்று பக்கமும் தடுப்பு, மேல் விளிம்பில் பானட்டைத் தொடும் ரப்பர் பீடிங். இது இல்லாமல் கோன் ஃபில்டர் ரேடியேட்டர் சூட்டைத்தான் குடிக்கும். 30 டிகிரி காற்று 60 ஆனால் அடர்த்தி 9 சதவீதம் போச்சு. ஓ.பி.டி. டாங்கிளில் (காரின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகும் ரீடர்) இன்டேக் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே நெரிசலில் ஓட்டுங்கள், தடுப்பு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

காட்டன் ஃபில்டரில் ஆயில் கூடினால் சென்சார் கம்பியில் படியும், அதைச் சுத்தம் செய்ய அதற்கென்றே வரும் ஸ்ப்ரே தவிர வேறெதுவும் அடிக்கக் கூடாது. மெட்ரோ வேலைத் தூசியில் ஓடும் காருக்கு நான் உலர் ஃபில்டர்தான் சொல்வேன். மாட்டி 500 கி.மீ. ஆனதும் கழற்றி, பைப்பின் உள்பக்கம் விரலால் தடவுங்கள். மண் ஒட்டினால் ஃபில்டர் கழுத்து கிளாம்ப்பில் கசிவு.